மிஸ்ஸி ஹன்னாவின் வார்ட்டில் ஓர் ஏணை

போன ஐப்பசியில் காய்ச்சல் தடுப்பூசி போடுவதற்காக மகள் என்னை ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான அஜக்ஸில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஊசி போட வந்த நேர்ஸ் சின்னப் பிள்ளை. பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து என் கையில் தேய்த்தாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் நிமிர்ந்து அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அகன்ற கன்னம், காதில் சின்னச் சின்ன மணிகள் கோத்த தோடு. வாய் சும்மா இருக்கவில்லை.

"பிள்ளை, நீர் கிறீயோ?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டுவிட்டேன்.

மகள் என் தொடையில் கிள்ளினாள். கிறீ என்றால் கனடாவின் ஆதிக்குடிகளில் ஓர் இனம். இந்த நாட்டில் அப்படியெல்லாம் ஆளைப் பார்த்து இனம் கேட்கக்கூடாதாம். அந்தப் பிள்ளையோ ஊசியைப் பிடித்தபடி சிரித்தாள். "ஓம் அன்ரி. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

"என்ர பெரியவ ஒரு கிறீ" என்றேன். பெரியவ என்றால் வேலையிடத்து மேலதிகாரி. ஊசி போனது எனக்குத் தெரியவே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மகள் ஏதோ வீட்டு வரி பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தாள். நான் காரில் இருந்தபடி மிஸ்ஸி ஹன்னாவோடு இருந்தேன்.

எண்பத்துமூன்றின் கடைசியில்தான் நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்து இறங்கினோம். வெலஸ்லி தெருப் பக்கம் ஓர் உயர்ந்த கட்டடத்தில் குடியிருப்பு. இவர் ஒரு பெட்டி செய்யும் தொழிற்சாலைக்குப் போனார். நான் ஆஸ்பத்திரி ஒன்றில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், அது இப்போது இல்லை. நாலாம் மாடியில் பிள்ளைகள் வார்ட்டின் தரை என் பொறுப்பு. வேறு யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால் நானே சொல்கிறேன்: அந்தத் தரையில் முகம் பார்த்துத் தலை வாரி இழுக்கலாம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்தில் பிழை இருந்தால் சோற்றில் கல்லை எடுத்துப் போடுவதுபோல எடுத்துப் போட்டுவிட்டுப் படியுங்கள். தரையில் பிழை இருக்காது.

அந்த வார்ட்டுக்குப் பொறுப்பான நேர்ஸ்தான் ஹன்னா. எங்கள் ஊரில் நேர்ஸ்மாரை மிஸ்ஸி என்றுதானே கூப்பிடுவோம். முதல் நாள் நானும் மரியாதையாக "மிஸ்ஸி" என்றேன். அவர் புருவத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினார். வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் வீட்டு வேலைக்காரப் பெட்டைகளை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எங்கள் ஊரில் அது பெரிய மரியாதை என்று நான் கையைக் காலை ஆட்டிச் சொல்லி முடிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப உங்கட ஊர் முறையில சொல்லு" என்று அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார். என்னை "தங்கச்சி" என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தேன். அது வாயில் நுழையாமல் "தங்கா" ஆகிவிட்டது.

ஒன்று சொல்லவேண்டும். அவர் கதைத்தது இங்கிலீஸ். மெதுவாக, எனக்கு விளங்கும்படி கதைப்பார். அதை நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். மிஸ்ஸி ஹன்னா சாவகச்சேரியில் பிறந்தவர்போலக் கதைத்தால் குறை நினைக்காதீர்கள்.

அவர் வருகிற சத்தம் ஒருவருக்கும் கேட்காது. மற்ற நேர்ஸ்மார் வெள்ளைச் சப்பாத்துப் போட்டுச் சரக் சரக்கென்று நடப்பார்கள். இவர் மூஸ் என்கிற பெரிய மானின் தோலில் தைத்த செருப்போடு நடப்பார், மேலே மணி வேலைப்பாடு. சட்டத்துக்கு அது சரியில்லைத்தான். ஆனால் ஒருவரும் வாய் திறந்ததில்லை. எனக்கு மட்டும் அவர் வருவது முன்கூட்டியே தெரியும். அந்தத் தோலைப் புகை போட்டுப் பதப்படுத்துவார்களாம். எங்கள் அப்பு புகையிலைக் குடிலுக்குள் இருந்து வெளியே வரும்போது ஒரு மணம் வருமே, அதே மணம். புகை மணத்தால் நான் உஷாராகித் துடைப்பத்தைக் கையில் எடுத்துவிடுவேன். "உனக்கு முதுகிலயும் கண்ணோ?" என்பார் அவர். நான் கடைசிவரை சொல்லிக் கொடுக்கவில்லை.

படுக்கை விரிப்புகள் அடுக்கும் சின்ன அறையில் பத்து மணிக்கு எங்களுக்குத் தேத்தண்ணி. அங்கேதான் அவருடைய கதையைத் துண்டு துண்டாகக் கேட்டேன். வடக்கே, ஜேம்ஸ் குடாவுக்கு மேலே, தகப்பன் தோலுக்காகப் பொறி வைத்து பீவர் என்கிற நீர்ப்பிராணியைப் பிடிக்கும் ஒரு காட்டு முகாமில் பிறந்தவர். சின்ன வயதில் ஒரு நாள் பிளேன் வந்து இறங்கிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. தூரத்துப் பள்ளிக்கூடம். அங்கே தங்கள் பாஷையில் கதைத்தால் அடி. பிறகு நெஞ்சில் காசம் வந்து இன்னும் தெற்கே ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வருடக்கணக்காகக் கட்டிலில் கிடந்தாராம்.

"ஊசி போடுவினம், படம் எடுப்பினம், கட்டிலோட தள்ளிக்கொண்டு போவினம். ஏனெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அப்பதான் நினைச்சன், நான் நேர்ஸாகி எல்லாப் பிள்ளையளுக்கும் ஏனெண்டு சொல்லுவன் எண்டு."

நேர்ஸ் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போனபோது அங்கே பொறுப்பில் இருந்த அம்மா, "உங்கட ஆக்களுக்கு வார்ட்டுக் கூட்டுற வேலைதான் சரிவரும்" என்றாராம். இதைச் சொல்லிவிட்டு மிஸ்ஸி என்னைப் பார்த்தார். நான் துடைப்பத்தைப் பார்த்தேன். "கூட்டுற வேலையில என்ன குறையாம் அந்த மனிசிக்கு?" என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு பேரும் வேறு வேறு காரணத்துக்காக ஒரே பெண்ணைத் திட்டினோம். மனதுக்கு நல்ல ஆறுதல்.

விடாமல் கேட்டுக் கேட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கினார். அங்கே படித்த முதல் கிறீப் பெண் அவர்தான். பட்டம் கொடுக்கும் நாளில் தகப்பன் காட்டிலிருந்து ரயிலேறி வந்தார். கையில் ஒரு பொதி. அதற்குள் மனைவி தைத்துக் கொடுத்த தோல் செருப்பு. மகள் வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் காலுறை எல்லாம் போட்டு, காலில் அந்தச் செருப்போடு மேடைக்கு ஏறினாள். "அண்டைக்குப் போட்டதைப் பிறகு ஏன் கழட்டவேணும்?" என்பார். அதனால்தான் ஒருவரும் வாய் திறக்கவில்லைப்போல.

பிறகு வடக்கில் பல வருடம். தோணியில் போய்ப் பிள்ளைப்பேறு பார்த்தார், பல் பிடுங்கினார், ஒருமுறை நாய்க்கும் தையல் போட்டார். ஆனால் பெரிய வருத்தம், நோய் என்று வருகிற பிள்ளைகளைப் பிளேனில் ரொறன்ரோவுக்குத்தான் அனுப்பவேண்டும். தாய்மார் விமானத் திடலில் நின்று கையசைப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் ஒரு நாள் தானும் பெட்டி கட்டினார். "பிள்ளையள் போற இடத்தில எங்கட ஆள் ஒண்டு நிக்கவேணும்" என்று வந்தவர், நான் போய்ச் சேர்ந்த நேரத்தில் வார்ட்டுக்கே பொறுப்பாகிவிட்டார்.

இப்போது டெய்சியின் கதைக்கு வருகிறேன். எண்பத்தாறாக இருக்கலாம், எண்பத்தேழாகவும் இருக்கலாம். மாசிப் பனி சன்னலில் கல்லாக ஒட்டிக்கிடந்த நாட்கள். டெய்சி வடக்கிலிருந்து வந்த சின்னத் தாய், தானே ஒரு பிள்ளை. அவளுடைய மகனுக்குக் குடலில் ஏதோ அடைப்பு, வெட்டிச் சரிப்படுத்தியாகிவிட்டது. பெயர் சாம். நான் சாமி என்று கூப்பிட்டேன். சாமி என்றால் என்ன என்று மிஸ்ஸி கேட்க, கடவுள் என்றேன். "பொருத்தம்தான். கத்துற கத்தில எல்லாரும் கும்பிட்டுக்கொண்டு நிக்கினம்" என்றார்.

உண்மையாகவே கத்தினான். காயம் ஆறிவிட்டது, ஆனால் நித்திரை இல்லை. நித்திரை இல்லாததால் பால் இறங்கவில்லை. நிறை குறைந்துகொண்டு போனது. கம்பி போட்ட தொட்டிலில் கிடந்து கையைக் காலை அடிப்பான். டெய்சியோ பக்கத்துக் கதிரையில் சன்னலைப் பார்த்தபடி இருப்பாள். காயத்தைத் தொடாதே என்று முதல் நாள் யாரோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு பிள்ளையைத் தொடாமலே இருந்தாள். இங்கிலீசில் கேட்டால் பதில் இல்லை. மிஸ்ஸி தங்கள் பாஷையில் கேட்டாலும் ஒரு சொல், அரைச் சொல்.

ஒரு நாள் மிஸ்ஸி விரிப்பு அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். தேத்தண்ணி ஊற்றினேன், எடுக்கவில்லை.

"சோஷல் வேர்க்கர் வெள்ளிக்கிழமை வாறாவாம்" என்றார். "தாய்க்குப் பிள்ளையில பற்று இல்லை எண்டு நினைக்கினம். பிள்ளையைக் கொஞ்சக் காலம் இஞ்ச வேற ஒரு வீட்டில வைச்சிருக்கப் போகினமாம்."

"கொஞ்சக் காலம்தானே மிஸ்ஸி?"

"என்னையும் கொஞ்சக் காலமெண்டுதான் கொண்டுபோனவை, தங்கா."

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதைச் சொன்னேன். "மிஸ்ஸி, உவன் உந்தக் கம்பிப் பெட்டிக்குள்ள படுக்கமாட்டான். ஏணையில போட்டால் படுப்பான்."

"அதென்ன?"

ஒரு தலையணை உறையை எடுத்துக் கதவுக் கொளுவியில் மாட்டி, அதற்குள் ஒரு துவாயை வைத்து ஆட்டிக் காட்டினேன். அவருடைய முகம் மாறியது. எழும்பி வந்து அந்தத் துவாயைத் தானும் ஒருமுறை ஆட்டினார்.

"எங்களிட்டையும் இருக்கு" என்றார். "கூடாரத்துக்குள்ளயோ மரத்துக்குக் கீழயோ கயிறு கட்டி, கம்பளியைச் சுத்தி. நான் அதுக்குள்ள கிடந்தனான். மேலே பைன் கொப்பு ஆடுறது இப்பவும் கண்ணில நிக்குது."

ஆஸ்பத்திரிக் கம்பளி எல்லாம் மட்டைபோல மொரமொரப்பு. என்னிடம் ஒரு பழைய நூல்சேலை இருந்தது, தோய்த்துத் தோய்த்துப் பூப்போல ஆனது. நல்ல சிவப்பு. "வீட்டில தோய்ச்சது சரிவராது. கீழ குடுத்து அவிச்சு எடுத்துக்கொண்டு வா" என்றார் மிஸ்ஸி. கீழே சலவைப் பகுதியில் போத்துக்கல்காரர் ஒருவர் பொறுப்பு. அவர் இல்லாத நேரம் பார்த்து வெள்ளைத் துணிகளோடு சேர்த்து நானே மெஷினுக்குள் போட்டுவிட்டேன். வீட்டுத் தண்ணீரில் சாயம் போகாத சேலை அந்தக் கொதிதண்ணீரில் என்ன செய்யும் என்று நினைக்கவில்லை. வார்ட்டுத் தலையணை உறைகளில் முக்கால்வாசி ரோசாப்பூ நிறம். போத்துக்கல்காரர் தன் பாஷையில் கத்தினார், நான் என் பாஷையில் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்காததால் சண்டை வளரவில்லை. வார்ட்டுப் பிள்ளைகள் ரோசா உறைக்காக அடிபட்டார்கள். வெள்ளை கிடைத்தவன் அழுதான்.

எங்கே கட்டுவது என்பது அடுத்த கேள்வி. அந்தக் காலத்தில் தொடை எலும்பு உடைந்த பிள்ளைகளைக் காலைத் தூக்கிக் கட்டி வாரக்கணக்காகப் படுக்க வைப்பார்கள். அதற்கென்று கட்டிலுக்கு மேலே இரும்புச் சட்டம் இருக்கும். யானையைக் கட்டினாலும் தாங்கும். மூலை அறையில் அப்படி ஒரு கட்டில் வெறுமையாக இருந்தது. மிஸ்ஸி அதன் மெத்தையைத் தரையில் இறக்கினார். டெய்சியையும் கூப்பிட்டு மூலையில் இருத்தினார். அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

அங்கே தொடங்கியது எங்கள் சண்டை.

"ஒரு இடத்தில தூக்கவேணும் மிஸ்ஸி. கூரை வளையிலயிருந்து கீழ தொங்கும்."

"விசரி, ரெண்டு கயிறு வேணும். நீட்டுக்குக் கட்டவேணும்."

"நீட்டுக்குக் கட்டினால் அது ஏணையில்லை, பாடை."

"ஒண்டில தூக்கினால் அது மூட்டை. பிள்ளையோ உருளைக்கிழங்கோ?"

முதலில் என் முறையில் கட்டினோம். பிள்ளைக்குப் பதிலாக ஈரத் துவாய்களைச் சுருட்டிப் போட்டு ஆட்டினால், அது ஆடவில்லை, பம்பரம்போலச் சுற்றியது. எங்கள் வீட்டில் அப்படிச் சுற்றியதே இல்லை. இரும்பில் குற்றம் என்றேன். பிறகு அவருடைய முறை. இரண்டு கயிறு, நடுவில் சேலை. கையை எடுத்ததும் குப்புறக் கவிழ்ந்து ஈரத் துவாயெல்லாம் நான் துடைத்த தரையில்.

"மிஸ்ஸி, நீங்கள் இதை முந்திக் கட்டியிருக்கிறியளோ?"

அவர் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். "இல்லை" என்றார். "கட்டப் பழகிற வயசு வரமுந்திப் பிளேன் வந்திட்டுது. வடக்கில வேலை செய்யேக்க தாய்மார்தான் கட்டினவை. நான் வெட்கத்தில கேக்கேல்லை."

அந்த நேரம் மூலையிலிருந்து ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தோம். டெய்சி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். இத்தனை நாளில் அவளிடமிருந்து வந்த முதல் சிரிப்பு அதுதான். எழும்பி வந்தாள். மிஸ்ஸியின் கையிலிருந்து கயிற்றைப் பறித்தாள். தங்கள் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் அவிழ்த்தாள்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"ரெண்டு கிழடுகள், ஒரு முடிச்சுப் போடத் தெரியேல்லையாம்" என்றார் மிஸ்ஸி. சிரிப்பில் அவருக்குக் கண்ணீர் வழிந்தது. எனக்கு அப்போது நாற்பதுதான். கிழடு என்று சொன்னதை நான் மறக்கவில்லை.

டெய்சி இரண்டு கயிறுகளையும் சட்டத்தின் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினாள். கயிறுகள் ஒட்டாமல் இருக்கத் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒவ்வொரு தடி வேண்டும் என்று கையால் காட்டினாள். அதைத்தான் மிஸ்ஸி மறந்திருந்தார். என் துடைப்பத்தடியைத் தறித்துக் கொடுத்தேன். சேலையைக் கயிறுகளைச் சுற்றி மடித்துச் செருகினாள். துவாயைப் போட்டு, தன் பலமெல்லாம் சேர்த்து அழுத்தினாள். அசையவில்லை. பிறகு தானே போய்ச் சாமியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவனுக்கு ஏற்றியிருந்த மருந்துக் குழாயை மிஸ்ஸி பிடித்துக்கொள்ள, அவனைச் சிவப்புக்குள் கிடத்தினாள். ஒரு சின்னக் கயிற்றைத் தன் கால் பெருவிரலில் கொளுவிக்கொண்டு கதிரையில் இருந்து ஆட்டினாள். மூக்கால் முனகுவதுபோல ஒரு பாட்டு. எங்கள் தாலாட்டுப் போல ஏறி இறங்காது, ஒரே தடத்தில் போகும். சாமி சட்டத்தைப் பார்த்தான், தாயைப் பார்த்தான், கொட்டாவி விட்டான். வார்ட்டில் அப்படி ஓர் அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை. ஊன்றுகோல் பிள்ளைகள் வாசலில் வந்து கூடினார்கள். "எனக்கும் கட்டுங்கோ" என்று ஒருத்தி.

பெரிய டொக்டர் வந்தார். "ஹன்னா, இது என்ன?"

"காலைத் தூக்கிக் கட்டலாமெண்டால் பிள்ளையைத் தூக்கிக் கட்டக்கூடாதோ?"

டொக்டர் சிரிக்கவில்லை. முடிச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "இவன் விழுந்தால் உன்ர வேலை போகும். நிறை ஏறாட்டில் நான் அவிழ்ப்பன்" என்றார். "ஓம்" என்றார் மிஸ்ஸி. அவ்வளவுதான். அவர் எந்தப் படிகளில் ஏறி அந்த இடத்துக்கு வந்தவர் என்று எனக்குத் தெரியும். அதை முழுவதும் என்னுடைய பழைய சேலையில் தூக்கி வைத்துவிட்டார். அன்றிலிருந்து நான் அந்த மூலை அறையைத் தேவைக்கு மேல் துடைத்தேன். துடைக்கும் சாட்டில் ஒவ்வொரு முடிச்சையும் தொட்டுப் பார்ப்பேன்.

சாமி படுத்தான், எழும்பினான், குடித்தான், திரும்பப் படுத்தான். தராசு முள் மெல்ல மெல்ல அசைந்தது.

வெள்ளிக்கிழமை சோஷல் வேர்க்கர் வந்தார். உயரமான, களைத்த பெண். டெய்சி காலால் ஆட்டிக்கொண்டு கையால் மணி கோத்துக்கொண்டு இருந்தாள். வந்தவர் வாசலில் நின்று ஏணையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மிஸ்ஸியைக் கேட்டார், இந்தத் தாயோடு நான் கதைக்கலாமா என்று. மிஸ்ஸி சொன்னதும் டெய்சி நிமிர்ந்து ஒரு நீளப் பேச்சுப் பேசினாள்.

"என்ன சொல்லுறா?" என்று வந்தவர் கேட்டார்.

"உங்களுக்குப் பிள்ளையள் இருக்கோவெண்டு கேக்கிறா. எப்பிடி நித்திரையாக்கினனீங்களாம்?"

அந்தப் பெண் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "ரெண்டு பேர்" என்றார். "ஒண்டுக்கும் படுக்கமாட்டுதுகள். காரில போட்டு ரோட்டு ரோட்டாச் சுத்துவன்."

மிஸ்ஸி அதைச் சொன்னதும் டெய்சிக்கு அடக்க முடியாத சிரிப்பு. காரோ, காரோ என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்தார். நான் தண்ணீர் வாளியைப் பிடித்துக்கொண்டு ஏன் என்று தெரியாமலே சிரித்தேன். சத்தத்தில் சாமி எழும்பிவிட்டான். டெய்சி மணிகளை மடியில் கொட்டிவிட்டு அவனைத் தூக்கித் தோளில் போட்டாள். அதற்குப் பிறகு வேறு வீடு என்ற கதையை அங்கே ஒருவரும் எடுக்கவில்லை.

பனி இளகத் தொடங்கிய ஒரு காலையில் அவர்கள் ஊருக்குப் புறப்பட்டார்கள். டெய்சி சேலையை மடித்து என்னிடம் நீட்டினாள். நான் அவளுடைய பைக்குள்ளேயே அதைத் தள்ளினேன். வீட்டில் என் கணவர், "கூட்டப் போறனெண்டு போய்ச் சீலையைக் குடுத்திட்டு வந்து நிக்கிறாய். நாளைக்கு என்னத்தைக் குடுப்பாய்?" என்று பகிடி பண்ணினார். உங்களைத்தான் என்றேன்.

அதற்குப் பிறகு மிஸ்ஸி மூலை அறைக் கூரையில் கொளுக்கிகள் போட வைத்தார். வடக்கிலிருந்து வந்த தாய்மார் கட்டினார்கள். பிறகு எங்கள் சனமும் ரொறன்ரோவில் கூடிவிட, எங்கள் பெண்களும் கட்டினார்கள், ஒற்றைக் கொளுக்கியில், சுற்றாமல். அதைப் பார்த்தபின் எனக்கும் அவருக்கும் பழைய சண்டை திரும்பத் தொடங்கியது. அவர் நேர்ஸ் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போய், பெரிய சபைகளில் எல்லாம் அந்தச் செருப்போடு ஏறிப் பேசி, கடைசியில் வடக்குக்கே திரும்பிப் போனார். அங்கேயே நல்ல வயது வரை இருந்து, சொந்தப் பாஷை கேட்கும் வீட்டில் கண் மூடினார் என்று அறிந்தேன். அழுதேன்தான். ஆனால் அழும்போதும் அந்தக் கவிழ்ந்த துவாய் நினைவு வந்து சிரிப்பும் வந்தது.

காலைத் தூக்கிக் கட்டும் கட்டில்களை இப்போது காண்பது அருமை. எலும்புக்குள்ளே கம்பி வைத்துத் தைத்துச் சுறுக்காக வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். போத்துக்கல்காரரின் சலவைப் பகுதி முதலில் போனது, விரிப்பு அறை பிறகு, கடைசியில் ஆஸ்பத்திரியே. அந்த இடத்தில் கண்ணாடியால் ஒரு கோபுரம் எழும்பியிருக்கிறது, வீடு வீடாக. ஒருமுறை பஸ் அந்தப் பக்கத்தால் போனபோது எழும்பி நின்று நாலாம் மாடி உயரத்தைத் தேடினேன். டெய்சி பெருவிரலால் கயிறு இழுத்த அந்த மூலையில், யாரோ ஒரு பெண் தன் குசினியில் நின்று கேத்திலுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.